வட்டார ஊதியமும் பொருளாதார ஒருங்கிணைப்பும்: ஐரோப்பியத் தரவை வைத்து ஆராய ஒரு முழு வழிகாட்டி

போலந்தின் மசோவியா மாகாணம் 2014–2020 நிதிக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் வளர்ந்த வட்டாரமாக இருந்தது. தலைநகர் வார்சா அதற்குள் இருப்பதால் சராசரி எகிறி நின்றது. 2018 ஜனவரி 1 முதல் புள்ளிவிவரத் தேவைக்காக அந்த மாகாணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வார்சாவும் சுற்றுப்பகுதியும் ஓர் அலகு, மீதி மசோவியா இன்னோர் அலகு. 2021–2027 காலத்தில் வார்சா வளர்ந்த வட்டாரமாகவே தொடர்கிறது. மீதி மசோவியா பின்தங்கிய வட்டாரங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்தக் கிராமங்கள் இடம் பெயரவில்லை, கோடு மட்டும்தான் இடம் மாறியது. அதையொட்டி நிதி ஒதுக்கீடும் மாறியது.

ஊதிய ஆய்வில் இறங்கும் பலர் மாடலுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கிறார்கள். எந்தக் கோட்டுக்குள் எண்ணுகிறோம் என்ற கேள்விக்கு ஒரு மாலைகூட ஒதுக்குவதில்லை. என் கருத்தில் முதலில் தீர்க்க வேண்டியது அதுதான். சந்தைகள் இணைந்ததால் ஊதியம் உயர்ந்ததா என்ற கேள்விக்கு வரும் விடையில் பாதி, அலகைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் ரிக்ரஷனுக்கு (ஒரு மாறி மற்றவற்றோடு எப்படிச் சேர்ந்து மாறுகிறது என்று மதிப்பிடும் கணக்குக்கு) முந்தைய வேலைகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'ஒருங்கிணைப்பும் ஊதியமும்' என்பது ஒரு தலைப்பு. அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெரிய சந்தைகளுக்கு அருகே இருக்கும் வட்டாரங்களில் ஊதியம் அதிகமா? ஒருங்கிணைப்புக்குப் பிறகு ஏழை வட்டாரங்களும் பணக்கார வட்டாரங்களும் நெருங்கினவா? ஓர் எல்லை திறந்தபோது அதை ஒட்டிய ஊர்களில் என்ன நடந்தது? முதல் கேள்விக்கு ஒரே ஆண்டின் தரவு ஓரளவு போதும். இரண்டாவதற்கு நீண்ட காலத்தொடர் வேண்டும். மூன்றாவதற்குச் சிறிய அலகும், எல்லையிலிருந்து தூரமும், எல்லை திறப்பதற்கு முந்தைய ஆண்டுகளும் வேண்டும். மூன்றையும் ஒரே அட்டவணையில் முடிக்கப் பார்த்தால் ஒன்றுக்கும் உருப்படியான விடை கிடைக்காது.

படி 2: அலகைத் தேர்ந்தெடுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட், 'நட்ஸ்' என்ற வட்டார அலகு முறையைப் பயன்படுத்துகிறது. 1970களில் தொடங்கிய இந்த முறைக்கு 2003இல் சட்ட வடிவம் கிடைத்தது. இதில் மூன்று நிலைகள். நட்ஸ் 1க்கு 30 லட்சம் முதல் 70 லட்சம் மக்கள், நட்ஸ் 2க்கு 8 லட்சம் முதல் 30 லட்சம், நட்ஸ் 3க்கு 1.5 லட்சம் முதல் 8 லட்சம் என்பது வரம்பு. 2024 பதிப்பின்படி முதல் நிலையில் 92, இரண்டாம் நிலையில் 244, மூன்றாம் நிலையில் 1,165 அலகுகள் இருக்கின்றன.

குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். டிஇ என்றால் ஜெர்மனி, டிஇ2 பவேரியா மாநிலம், டிஇ21 மேல் பவேரியா, டிஇ212 மியூனிக் நகரம். ஒவ்வோர் இலக்கம் கூடும்போதும் ஒரு படி கீழே இறங்குகிறோம்.

வரம்பு காகிதத்தில் ஒழுங்காக இருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு நாடும் ஏற்கெனவே இருந்த நிர்வாக எல்லைகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறது. நட்ஸ் 3இல் ஜெர்மனிக்கு மட்டும் சுமார் 400 அலகுகள், அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எடை எதுவும் கொடுக்காமல் நட்ஸ் 3இல் ரிக்ரஷன் ஓட்டினால் 'ஐரோப்பிய முடிவு' என்று கையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஜெர்மனியைப் பற்றியதாகவே இருக்கும். மறுபக்கம் எஸ்டோனியா, லாட்வியா, சைப்ரஸ், மால்டா, லக்சம்பர்க் ஆகிய நாடுகள் நட்ஸ் 2இல் ஆளுக்கு ஒரே அலகுதான். நாட்டுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றி அந்த நிலையில் இவை எதுவும் சொல்லாது.

அலகு மாறினால் விடை எவ்வளவு மாறும்? 1979இல் ஓப்பன்ஷாவும் டெய்லரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள 99 கவுண்டிகளை (மாவட்டம் போன்ற அலகுகளை) வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதியவர்களின் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குக்கும் உள்ள ஒட்டுறவு, சேர்க்கும் விதத்தைப் பொறுத்து வலுவான எதிர்மறையிலிருந்து வலுவான நேர்மறை வரை போனது. தரவு அதே தரவுதான். இதைப் படித்துவிட்டு எல்லா வட்டார ஆய்வும் வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். பிரான்ஸின் தரவை வைத்து 2010இல் பிரியான், கோம்ப், லஃபுர்கேட் செய்த ஆய்வு, அலகின் அளவும் வடிவமும் உண்டாக்கும் சிக்கலைவிடத் தவறான மாடலால் வரும் சிக்கல் பெரியது என்று காட்டியது. அலகை மாற்றி மாற்றிச் சோதிப்பதும் மாடலைச் சீராக்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அப்புறம் தினசரிப் பயணம். ஒருவர் ஓர் அலகில் குடியிருந்து இன்னோர் அலகில் வேலை பார்த்தால் அவருடைய ஊதியம் எந்த அலகைச் சேர்ந்தது? லக்சம்பர்க்குக்கு பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றிலிருந்தும் தினமும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். உற்பத்தி லக்சம்பர்க் கணக்கில் ஏறுகிறது, ஆனால் அந்த மக்கள் அதன் மக்கள்தொகையில் இல்லை. தலா உற்பத்தி வீங்கித் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். பிரஸ்ஸல்ஸ், ஹாம்பர்க் போன்று நகரமே தனி வட்டாரமாக இருக்கும் இடங்களிலும் இதே கதைதான். இதைச் சரிசெய்ய, நகரமும் அதற்குள் வேலைக்கு வரும் சுற்றுப்பகுதியும் சேர்ந்த 'செயல்பாட்டு நகர்ப்புறப் பகுதி' என்ற அலகு இருக்கிறது. உள்ளூரில் வேலையில் இருப்பவர்களில் குறைந்தது 15 சதவீதம் பேர் நகரத்துக்குப் போனால் அந்த ஊர் நகர்ப்புறப் பகுதிக்குள் வரும். இந்த அலகுக்கு ஊதியத் தரவு குறைவு என்பது உண்மைதான். அதனால் நட்ஸ் 3 அலகுகளைச் சேர்த்துப் பெருநகர வட்டாரங்களாக ஆக்கிக்கொள்வதை நடுவழியாக எடுத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை இது. முதன்மை ஆய்வை நட்ஸ் 2இல் செய்யுங்கள். நகரத்தைச் சுற்றுப்பகுதியோடு சேர்த்து ஒரு முறையும், முடிந்தால் நட்ஸ் 3இல் நாட்டுவாரியாகச் சம எடை கொடுத்து ஒரு முறையும் திரும்ப ஓட்டுங்கள்.

படி 3: எந்த ஊதியம்?

யூரோஸ்டாட்டில் ஊதியம் என்ற பெயரில் வெவ்வேறு எண்கள் கிடைக்கின்றன. கலந்துவிடக் கூடாது.

வட்டாரக் கணக்குகளில் வரும் 'ஊழியர் ஈட்டுத்தொகை' நட்ஸ் 2 வரை கிடைக்கிறது. இதில் முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் அடக்கம், வேலை நடக்கும் இடத்தின் கணக்கில் வரும். நிறுவனத்துக்கு ஆகும் உழைப்புச் செலவைப் பார்க்க இதுதான் சரி. ஊதிய அமைப்புக் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை (2014, 2018, 2022 என்று) நடக்கிறது. கல்வி, தொழில், வயது எல்லாம் அதில் உண்டு. ஆனால் வட்டார விவரம் நட்ஸ் 1 வரைதான், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் கட்டாய வரம்புக்கு வெளியே. தொழிலாளர் கணக்கெடுப்போ வீட்டில் போய்க் கேட்பது, எனவே குடியிருக்கும் இடத்தின் கணக்கு. வகுக்கும் எண்ணையும் வகுபடும் எண்ணையும் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து, வேலையிடத்து ஊதியத்தைக் குடியிருப்பிடத்து ஆட்களால் வகுத்தால், லக்சம்பர்க் சிக்கலை நாமே கையால் உருவாக்கியது போலாகும்.

அடுத்து, தலைக்கு எவ்வளவு என்பதைவிட மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். நெதர்லாந்தில் பகுதிநேர வேலை மிக அதிகம். தலைக்கு வகுத்தால் அங்கே ஊதியம் குறைவு போலத் தோன்றும். வேலை செய்த மணி நட்ஸ் 2 அளவில் கிடைக்கிறது, பயன்படுத்துங்கள். ஈட்டுத்தொகையை ஊழியர்களால் மட்டும் வகுங்கள். ருமேனியா, கிரீஸ் போல சொந்த நிலத்தில் உழைப்பவர்கள் அதிகம் உள்ள நாடுகளில் சுயதொழில் செய்பவர்களையும் சேர்த்து வகுத்தால் எண் செயற்கையாகக் கீழே இறங்கிவிடும்.

யூரோவா, விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்த வாங்கும் திறன் அலகா? நிறுவனம் எங்கே முதலீடு செய்யும் என்று கேட்டால் யூரோ. குடும்பம் எப்படி வாழ்கிறது என்று கேட்டால் வாங்கும் திறன். ஒன்று கவனியுங்கள்: யூரோஸ்டாட்டின் வட்டார வாங்கும் திறன் எண்கள் நாட்டுக்கு ஒரே விலைமட்டத்தைத்தான் வைத்துக் கணக்கிடப்படுகின்றன. பாரிஸின் வாடகையும் கிராமப்புற பிரான்ஸின் வாடகையும் அதில் ஒன்றுதான். தலைநகர ஊதியத்தின் அனுகூலம் இதனால் மிகையாகத் தெரியும். போலந்து, செக்கியா, ஹங்கேரி இன்னும் சொந்த நாணயத்தில் இருப்பதால், யூரோவுக்கு மாற்றிய தொடரில் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் ஊதிய மாற்றம் போல வேடம் போடும்.

படி 4: காலத்தொடரை ஒட்டுங்கள்

நட்ஸ் எல்லைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஹங்கேரியில் புடாபெஸ்ட்டும் பெஸ்ட் மாவட்டமும் ஒரே வட்டாரமாக இருந்து பிரிந்தன. நட்ஸ் 2இல் ஒரே அலகாக இருந்த லிதுவேனியா இரண்டானது. எல்லாத் தரவையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். பழைய அலகு உடைந்திருந்தால், முடிந்தவரை கீழ்நிலை அலகுகளைக் கூட்டித் தொடரைக் கட்டுங்கள். மக்கள்தொகை விகிதத்தில் ஊதியத்தைப் பிரித்துப் போடுவதைத் தவிர்க்கப் பாருங்கள். அப்படிப் பிரித்தால் இரு பகுதிகளும் ஒரே ஊதியம் பெற்றன என்று நாமே எழுதிக்கொடுப்பதாக ஆகிவிடும், கண்டுபிடிக்க வந்ததே அந்த வேறுபாட்டைத்தானே.

பிரிட்டன் 2021 முதல் நட்ஸில் இல்லை, தனக்கென்று வேறு முறை வைத்திருக்கிறது. ஊதியத் தொடரில் அதை விட்டுவிடலாம். சந்தைக் கணக்கில் விட முடியாது. வட பிரான்ஸுக்கு லண்டன் இன்றும் பக்கத்துச் சந்தைதான்.

படி 5: சந்தை நெருக்கத்தைக் கணக்கிடுங்கள்

இந்த ஆய்வின் இதயம் இதுதான். 1954இல் ஹாரிஸ் கொடுத்த கருத்து எளிமையானது. ஒரு வட்டாரத்தின் சந்தை நெருக்கம் என்பது எல்லா வட்டாரங்களின் சந்தை அளவையும் அவற்றுக்குள்ள தூரத்தால் வகுத்துக் கூட்டுவது. 1991இல் க்ருக்மன் வகுத்த மாதிரியும் அதைத் தொடர்ந்து வந்த புதிய பொருளாதாரப் புவியியலும் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் கொடுத்தன: வாங்குபவர்களுக்கு அருகே இருக்கும் நிறுவனம் போக்குவரத்தில் மிச்சம் பிடிப்பதால் அதிக ஊதியம் கொடுத்தும் தாக்குப்பிடிக்க முடியும்.

ஒரு கற்பனைக் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். மூன்று வட்டாரங்கள். அ: சந்தை அளவு 100. ஆ: 40. இ: 20. தூரம்: அ–ஆ 200 கி.மீ., ஆ–இ 100, அ–இ 250. ஆவின் பரப்பு 10,000 சதுர கி.மீ., இயின் பரப்பு 2,500. ஒரு வட்டாரத்துக்குத் தன்னோடு உள்ள தூரத்துக்குப் பரப்பின் வர்க்கமூலத்தை 0.376ஆல் பெருக்குவது வழக்கம். ஆவுக்கு 37.6 கி.மீ., இக்கு 18.8 கி.மீ.

ஆவின் சந்தை நெருக்கம்: தன்னிடமிருந்து 40/37.6 = 1.06, அவிடமிருந்து 100/200 = 0.50, இயிடமிருந்து 20/100 = 0.20. மொத்தம் 1.76. இயின் நெருக்கம்: 20/18.8 = 1.06, ஆவிடமிருந்து 0.40, அவிடமிருந்து 0.40. மொத்தம் 1.86.

இப்போது அவுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ஒரு நாட்டெல்லை இருக்கிறது, அதைத் தாண்டி வரும் சந்தை கால் பங்குதான் பயன்படுகிறது என்று வைப்போம். ஆவின் நெருக்கம் 1.39 ஆகக் குறையும், இயினுடையது 1.56 ஆகும். எல்லை முழுவதும் திறந்தால் ஆவுக்கு 27 சதவீதம் உயர்வு, இக்கு 19 சதவீதம். ஊதியத்தின் நெகிழ்ச்சி 0.2 (நெருக்கம் 1 சதவீதம் கூடினால் ஊதியம் சுமார் 0.2 சதவீதம் கூடும்) என்று எடுத்துக்கொண்டால் ஆவில் ஊதியம் சுமார் 4.9 சதவீதமும் இயில் 3.6 சதவீதமும் ஏறும். எல்லைக்கு அருகே இருப்பவருக்கு ஆதாயம் கூடுதல் என்பது எண்ணிலேயே தெரிகிறது.

இதே கணக்கில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. எல்லை திறந்த நிலையிலும் ஆவின் நெருக்கத்தில் 60 சதவீதம் தன்னுடைய சந்தையிலிருந்தே வருகிறது. அந்தச் சந்தையின் அளவில் அங்கே கொடுக்கப்படும் ஊதியமும் அடக்கம். ஊதியத்தை ஊதியத்தால் விளக்கிவிட்டு, சந்தை நெருக்கம் அருமையாக வேலை செய்கிறது என்று எழுதும் அபாயம் இது. மேலும் அந்த 1.06 என்பது கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்த எண். எனவே தன் சந்தையை நீக்கிவிட்டு ஒரு முறை, தொடக்க ஆண்டின் சந்தை அளவை நிலையாக வைத்து ஒரு முறை என்று இரண்டையும் கட்டாயம் செய்யுங்கள்.

சந்தை அளவுக்கு மொத்த உற்பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அயர்லாந்தின் உற்பத்தி 2015இல் ஒரே ஆண்டில் சுமார் 25 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை அங்கே மாற்றியதே முக்கியக் காரணம். ஐரிஷ் மக்கள் வாங்கும் பொருளின் அளவு அப்படி உயரவில்லை. குடும்ப வருமானம் பாதுகாப்பான தேர்வு. தூரத்துக்கு நேர்கோட்டுக் கிலோமீட்டரைவிடச் சாலைப் பயண நேரம் நல்லது, ஆல்ப்ஸ் மலை குறுக்கே நிற்கும் இடங்களில் குறிப்பாக. ரியூனியன், குவாதலூப் போன்ற கடல்கடந்த பிரெஞ்சு வட்டாரங்களைத் தனியாக வைத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சில புள்ளிகள் முழுக் கோட்டையும் இழுத்துவிடும்.

படி 6: ஒருங்கிணைப்பை அளவிடுங்கள்

எளிய வழி, நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த தேதிக்கு முன் 0, பின் 1 என்று போடுவது. இது பெரும்பாலும் ஏமாற்றும். 2004 மே 1இல் பத்து நாடுகள் சேர்ந்தன. ஆனால் தொழிற்பொருள்களுக்கான சுங்கவரியில் பெரும்பகுதி 1990களின் ஒப்பந்தங்களிலேயே போய்விட்டது. மறுபக்கம், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அந்த நாடுகளில் எட்டின் தொழிலாளர்களுக்கு முழுமையாகக் கதவு திறந்தது 2011 மே 1இல்தான். பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் தொடக்கத்திலேயே திறந்தன. சரக்குக்கு ஒரு தேதி, ஆட்களுக்கு வேறு தேதி, நாணயத்துக்கு இன்னொரு தேதி. ஒவ்வொன்றையும் தனி மாறியாக வையுங்கள்.

ஆட்கள் நகர்வதை மறந்தால் விளக்கமே தலைகீழாகிவிடும். போலந்திலிருந்தும் பால்டிக் நாடுகளிலிருந்தும் ஏராளமானோர் மேற்கே போனார்கள். அங்கே மிஞ்சியவர்களின் ஊதியம் உயர்ந்ததற்கு ஏற்றுமதி காரணமா, ஆள் பற்றாக்குறை காரணமா? இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. பிரித்தறிய வேலைவாய்ப்பையும் சேர்த்துப் பாருங்கள்: ஊதியமும் வேலையும் சேர்ந்து ஏறினால் தேவை கூடியிருக்கிறது, ஊதியம் ஏறி ஆட்கள் குறைந்தால் வழங்கல் சுருங்கியிருக்கிறது.

தெளிவான விடை கிடைத்த ஆய்வுகள் பெரும்பாலும் வரலாற்றின் திடீர் மாற்றங்களைப் பிடித்துக்கொண்டவை. ஜெர்மனி பிரிந்தபோது புதிய எல்லையிலிருந்து 75 கி.மீ.க்குள் இருந்த மேற்கு ஜெர்மன் நகரங்களை ரெட்டிங், ஸ்டர்ம் இருவரும் மற்ற மேற்கு ஜெர்மன் நகரங்களோடு ஒப்பிட்டார்கள். எல்லை நகரங்களின் மக்கள்தொகை ஆண்டுக்குச் சராசரியாக 0.75 சதவீதப் புள்ளி மெதுவாக வளர்ந்தது. நாற்பது ஆண்டுகளில் சேர்ந்த இழப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சிறிய நகரங்களுக்கு அடி அதிகம், ஏனென்றால் தன் சந்தை சிறியதாக இருப்பவர்தான் வெளிச்சந்தையை நம்பியிருக்கிறார். எதிர்த்திசையில், கிழக்கு ஐரோப்பாவை மேற்கிலிருந்து பிரித்த இரும்புத்திரை விலகிய பிறகு ஆஸ்திரியாவின் கிழக்கு எல்லை ஊர்களை புரூல்ஹார்ட், கரேர், டிரியோன்ஃபெட்டி ஆராய்ந்தார்கள். ஊதியமும் வேலைவாய்ப்பும் இரண்டும் கூடின. ஊதியம் முதலில் ஏறியது, வேலைவாய்ப்பு பின்னால் வந்தது, முடிவில் வேலைவாய்ப்பின் மாற்றமே பெரியது. ஊதியத்தை மட்டும், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும் பார்த்தவர் கதையின் சிறிய பாதியோடு திரும்பியிருப்பார்.

படி 7: ஆட்களின் கலவையைப் பிரியுங்கள்

பாரிஸில் ஊதியம் அதிகம் என்றால் பாரிஸ் ஊதியத்தை உயர்த்துகிறதா, அதிக ஊதியம் பெறக்கூடியவர்கள் பாரிஸுக்குப் போகிறார்களா? கோம்ப், டுராண்டோன், கோபியோன் 2008இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்ந்த தரவை வைத்து, வட்டார ஊதிய வேறுபாட்டில் பாதி வரை ஆட்களின் திறமை வேறுபாட்டால் வருவது என்று காட்டினார்கள். தனிநபர் தரவு கிடைக்காதவர்கள் குறைந்தபட்சம் உயர்கல்வி பெற்றோர் விகிதத்தையும் துறைவாரி வேலைப் பங்கையும் சேர்க்க வேண்டும். இது முழு மருந்து ஆகாது, அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

படி 8: ரிக்ரஷன்

இடப்பக்கம் மணி ஊதியத்தின் மடக்கை. வலப்பக்கம் சந்தை நெருக்கத்தின் மடக்கை, கலவை மாறிகள், வட்டாரத்துக்கு ஒரு நிலையான விளைவு (அந்த வட்டாரத்தின் மாறாத தன்மைகளை விலக்கும் மாறி), ஆண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாக வரும் நாடு–ஆண்டு விளைவைச் சேர்ப்பதா என்பதுதான் உண்மையான முடிவு. சேர்த்தால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் போன்ற தேசிய மாற்றங்கள் (2015 ஜனவரியில் ஜெர்மனி மணிக்கு 8.50 யூரோ என்று கொண்டுவந்தது போல) கணக்கிலிருந்து விலகும். கூடவே நாடு முழுவதும் சமமாகக் கிடைத்த ஒருங்கிணைப்பு ஆதாயமும் விலகிவிடும். இரண்டையும் ஓட்டி, இடைவெளியை விளக்குங்கள்.

பக்கத்து வட்டாரங்களின் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுதலை அளக்கும் மொரான் குறியீட்டால் சோதித்து, தூரத்தைக் கணக்கில் எடுக்கும் கான்லி முறையில் நிலைப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவை) போடுங்கள். வழக்கமான நிலைப்பிழையில் நட்சத்திரக்குறி (தற்செயல் அல்ல என்ற அடையாளம்) வாங்கிய பல எண்கள் இதில் விழுந்துவிடும்.

படி 9: முடிவைப் படித்து எழுதுவது

ஊதியம் அசையவில்லை என்றால் ஒருங்கிணைப்புக்குப் பலன் இல்லை என்று உடனே எழுதாதீர்கள். இத்தாலியில் துறைவாரியான தேசிய ஒப்பந்தங்கள் வடக்குக்கும் தெற்குக்கும் கிட்டத்தட்ட ஒரே ஊதியத்தை வைக்கின்றன. உற்பத்தித் திறனில் உள்ள இடைவெளி அங்கே வேலையின்மையாக வெளிப்படுகிறது. ஊதியம் நகர முடியாத இடத்தில் சந்தையின் அழுத்தம் வேலைவாய்ப்பில்தான் தேடப்பட வேண்டும்.

நெருங்குதல் என்ற சொல்லையும் இரண்டு மட்டத்தில் எழுதுங்கள். 2004க்குப் பிறகு கிழக்கு நாடுகள் ஒன்றியத்தின் சராசரியை நோக்கி ஏறின. அதே காலத்தில் பிராக், பிராட்டிஸ்லாவா, வார்சா, புக்கரெஸ்ட் ஆகியவை தங்கள் நாடுகளின் மற்ற பகுதிகளை வெகுவாகப் பின்னே விட்டுச் சென்றன. நாடுகளுக்கு இடையே குறைந்த இடைவெளி நாடுகளுக்கு உள்ளே அகன்றது. இரண்டையும் சேர்த்து ஒரே குறியீடாகக் கொடுத்தால் கிழக்கு ஸ்லோவாக்கியாவில் வேலை தேடும் ஒருவரின் நிலைமை அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

அட்டவணையில் குறைந்தது நான்கு நிரல்கள் இருக்கட்டும்: நட்ஸ் 2, நகரத்தோடு சுற்றுப்பகுதியைச் சேர்த்தது, நட்ஸ் 3 நாட்டுச் சம எடையோடு, தன் சந்தையை நீக்கியது. நான்கிலும் குறியும் அளவும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் தைரியமாகச் சொல்லுங்கள். நட்ஸ் 3இல் மட்டும் விளைவு மறைந்தால் முதலில் ஜெர்மனியை நீக்கி ஓட்டிப் பாருங்கள், அடுத்து தலைநகரங்களை. எதை நீக்கும்போது எண் மாறுகிறதோ, அந்த வட்டாரங்களின் பெயர்களை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.